இரண்டு கம்பி, ஒரு மெத்தை
உலு சிலாங்கூரின் புக்கிட் பெருந்துங் தாமான்களில் மாலையானால் பையன்கள் பந்தைத்தான் தேடுகிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் இணைக்கம்பி யார் நினைவிலும் இல்லை. 1811இல் பெர்லினில் ஃபிரிட்ரிஷ் லுட்விக் யான் திறந்தவெளித் திடலில் தொடங்கிய பயிற்சியின் வழிவந்த கருவி அது. மூன்றரை மீட்டர் நீளம், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரம், அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் ஸோ ஜிங்யுவான் அதில் தங்கத்தைத் தக்கவைத்தார். தோள் பலம் மட்டும் போதாது, விட்ட கம்பியை எந்த நொடியில் பிடிப்பது என்ற கணக்கும் வேண்டும். (அதைப் பார்த்துவிட்டுப் பூங்காக் கம்பியில் தலைகீழாக நிற்காதீர்கள், கீழே சிமெண்டு.) முறையாகப் பழக இடம் வேண்டும்; தேசிய விளையாட்டு வளாகமோ புக்கிட் ஜாலிலில் இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைக்கு அது தினமும் போய்வரும் தூரமா? மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவில் பதக்கம் கேட்கும் மாநில அரசு, உலு சிலாங்கூருக்கு ஒரு கூடமும் மெத்தையும் பயிற்றுநரும் முதலில் தரட்டும்.