முதலில் டயர், அப்புறம் ஆக்சில்



தேர்வாய் கண்டிகை என்றதும் உங்களுக்கு சிப்காட்டும் மிச்செலின் டயர் ஆலையும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கோ, ஊருக்கு வெளியே ஒரு மேட்டுச் சரிவில் எங்க ஜீப்பை விட்டுட்டுத் தனியா உருண்டு போன பின்சக்கரம்தான் ஞாபகம் வருகிறது. பிரேக் டிரம்மோடு போனது. நல்லவேளை, எதிரே ஆள் யாரும் இல்லை.

சித்தப்பாவின் பழைய ஜீப் அது. காடு மேடு ஏறணும் என்று பெரிய டயர் மாட்டினார், டிஃபரன்ஷியலுக்கு லாக்கரும் போட்டார். ஆக்சில் ஷாஃப்ட் மட்டும் ஒரு லேத் பட்டறையில் இ.என்.8 கம்பியில் கடைந்தது. "ஹெவி டியூட்டிடா, கம்பெனி ஷாஃப்ட்டை விட ஸ்ட்ராங்" என்றார். ஹீட் ட்ரீட்மென்ட் செய்தார்களா என்று அவரும் கேட்கவில்லை, மெக்கானிக்கல் படிக்கிற நானும் கேட்கவில்லை!

ஆக்சில் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இன்ஜின் பவரைச் சொல்லித்தான் கடையில் பேரம் பேசுகிறார்கள். அது தப்பு என்பது என் கட்சி. லோ கியரில் இன்ஜின் முறுக்கு 3,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டலாம். ஆனால் டயர் வழுக்கிவிட்டால் அவ்வளவும் ஷாஃப்டுக்கு வராது. டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் ஷாஃப்ட் முறுக்கப்படும்.

உதாரணத்துக்கு, பின் ஆக்சில் மேல் 800 கிலோ என்று வைப்போம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, லாக்கர் போட்டால் பாரம் முழுக்க இன்னொரு சக்கரத்தில். உராய்வுக் கெழு 0.8, டயர் ஆரம் 0.36 மீட்டர். பெருக்கினால் சுமார் 2,260 நியூட்டன் மீட்டர். நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சூத்திரத்தில் போடுங்கள் (அரியர் வைத்தவர்கள் பக்கத்து பெஞ்சைப் பார்க்கலாம்!). 30 மி.மீ. ஷாஃப்டில் முறுக்குத் தகைவு சதுர மி.மீ.க்கு 426 நியூட்டன் வருகிறது. ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாத இ.என்.8 இழுவிசையிலேயே 280 வாக்கில் தளர்ந்துவிடும்; முறுக்கில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தாங்கும். அப்புறம் உடையாமல் என்ன செய்யும்?

விட்டம் 33 ஆனால் தகைவு 320-க்கு இறங்குகிறது. மூன்றே மி.மீ.! விட்டத்தின் கனத்துக்கு ஏற்ப வலு கூடுவதால், பத்து சதவீதம் பருத்தால் முப்பத்து மூன்று சதவீதம் வலு. முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்த இ.என்.24 என்றால் இது போதும். ஆனால் டயர் ஆரத்தை 0.42 ஆக்கினால் முறுக்கும் பதினேழு சதவீதம் ஏறிவிடும். அதனால்தான் டயரை முடிவு செய்யாமல் ஆக்சில் கடைக்குப் போகாதீர்கள் என்கிறேன்.

அடுத்தது, என்னைக் கேட்டால் மி.மீ.யை விட முக்கியமானது, ஃபுல் ஃப்ளோட்டிங்கா செமி ஃப்ளோட்டிங்கா என்பது. செமியில் முறுக்கையும் வண்டிப் பாரத்தையும் ஷாஃப்டே சுமக்கிறது. எங்களுடையது செமி, பேரிங்குக்கு வெளியே உடைந்ததால் சக்கரமே போயிற்று. சிப்காட் ரோட்டில் லாரி ரிப்பேர் பார்த்திருப்பீர்களே? ஹப் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி கூட வைக்காமல் ஷாஃப்டை உருவுகிறார்களே, அது ஃபுல் ஃப்ளோட்டிங். பாரம் ஹவுசிங் மேல். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் இருக்கும் இடத்தில் இருக்கும்.

அதுக்காக லாரி ஆக்சிலையே மாட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். டிஃபரன்ஷியல் குண்டு பெரிசாகி தரைக்கு நெருங்கும், கல்லில் இடிக்கும். முன், பின் கிரவுன் ரேஷியோ ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். ஆர்.சி. விஷயமும் இருக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

சித்தப்பா இப்போது இன்னும் பெரிய டயர் கேட்கிறார். வர சனிக்கிழமை ஜீப்பின் பின்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றி நிறுத்தப் போகிறோம். அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் ஷாஃப்ட் ஆர்டர் என்று சொல்லிவிட்டேன்.