ஸஹாபாக்களுக்கு நடிகர் தேடும் விளையாட்டு



நம் இளைஞர்களின் கைபேசிகளில் இஷாவுக்குப் பிறகு ஒரு விளையாட்டு சூடுபிடிக்கிறது. எட்டுப் பேரோ பத்துப் பேரோ கொண்ட நண்பர் குழு ஒன்று. உள்ளூரில் இருப்பவரும் உண்டு, வளைகுடாவிலிருந்து சேர்ந்துகொள்பவரும் உண்டு. ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் திரைப்படமாக எடுத்தால் எந்தப் பாத்திரத்திற்கு எந்த நடிகர் என்பதே போட்டி. சீட்டுக் குலுக்கி வரிசை அமைக்கிறார்கள். முதற்சுற்று ஒன்றாமவரில் தொடங்கி எட்டாமவரில் முடிந்தால், அடுத்த சுற்று எட்டாமவரில் தொடங்கித் திரும்பி வரும். ஒருவர் எடுத்த நடிகரை இன்னொருவர் எடுக்க முடியாது. எல்லாருடைய பட்டியலும் நிறைந்தபின் வாக்கெடுப்பு நடக்கும். அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு வெற்றி. இதற்கு 'ட்ராஃப்ட்' என்று பெயர். அமெரிக்க விளையாட்டுச் சங்கங்கள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் பேஸ்பால் வீரர்களைக் கொண்டு கற்பனை அணிகள் அமைத்து ஆடினார்கள். கிரிக்கெட் ரசிகர்களிடம் வந்த கற்பனை அணி அந்த வழியில் வந்ததே. இப்போது அது திரைப்படத்தையும் பிடித்துக்கொண்டது.

விளையாட்டு என்றவுடன் ஹராம் என்று முழங்குவது நம் நோக்கமன்று. அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை; அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதைக் காட்டவும் செய்தார்கள். உள்ளத்திற்கு ஓய்வு வேண்டும் என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. பணம் கட்டி ஆடினால் அது சூது. அல்மாயிதா 90-ஆம் வசனம் அந்த வாசலை அடைத்துவிட்டது. இரவு இரண்டு மணி வரை ஆடி ஃபஜ்ரைத் தவறவிட்டால் அதற்குத் தனியே கணக்கு உண்டு. அந்நிய ஆண் பெண்களின் அழகை அலசுவதிலேயே பொழுது போகுமானால் பார்வையைத் தாழ்த்தச் சொன்ன வசனம் யாருக்கு இறங்கியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் நம் மக்கள் அறிந்தவையே. இவற்றை எழுத நாம் அமரவில்லை.

நாம் எழுத வந்தது வேறொன்றை. பொன்னியின் செல்வன் தீர்ந்தது, ஆங்கிலக் கதைகள் தீர்ந்தன, இப்போது சில குழுக்களில் எடுத்துக்கொள்ளப்படும் கதை யர்மூக். எடுத்துக்கொள்ளப்படும் கதை பத்ரு. காலித் பின் வலீத் (ரலி) அவர்களுக்கு எந்த நடிகர், உமர் (ரலி) அவர்களுக்கு யார், பிலால் (ரலி) அவர்களுக்கு யார் என்று நம் பிள்ளைகளே பட்டியல் போடுகிறார்கள். ஆடுபவர்கள் மார்க்கத்தை வெறுப்பவர்கள் அல்லர். ஐவேளை தொழுபவர்களும் அவர்களில் உண்டு. அன்பினால்தான் இதைச் செய்கிறோம் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதனால்தான் இதைப் பேசாமல் விடக் கூடாது என்கிறோம்.

முதலில், ஒட்டிய முகம் எளிதில் உரியாது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனுக்கு மனத்துக்குள் நடிகர் தேர்ந்தெடுக்காத வாசகர் குறைவு. எம்.ஜி.ஆர். அதைப் படமாக்க விரும்பினார், நிறைவேறவில்லை. பல தலைமுறைகள் தத்தம் விருப்பப்படி ஒரு வந்தியத்தேவனை வைத்திருந்தன. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள் வந்தன. இன்று அந்த நாவலைப் புதிதாகப் பிரிக்கும் மாணவனுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தியின் முகம்தான் எழுகிறது. அதில் யாருக்கும் நட்டமில்லை, அது புனைகதை. ஆனால் காலித் (ரலி) என்ற பெயரைக் கேட்டதும் ஒரு நடிகரின் தாடியும் தோளும் எழுந்து நின்றால் நட்டம் யாருக்கு? அந்த நடிகர் அடுத்த மாதம் வேறொரு படத்தில் மதுக்கோப்பையுடன் ஆடுவார். அதற்கடுத்த மாதம் ஒரு விளம்பரத்தில் பனியன் விற்பார். அந்த முகம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் நாம் ஒட்டிய பெயரும் பிள்ளையின் நெஞ்சில் கூடவே போகும். மக்தபில் யர்மூக் பாடம் நடத்தும்போது, போர் எப்படி நடந்தது என்று கேட்பதற்கு முன் "அவர் பார்க்க எந்த ஹீரோ மாதிரி இருப்பார், ஹழ்ரத்?" என்று கேட்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம்.

இரண்டாவது, இந்த ஆட்டத்தின் உயிரே வாக்கெடுப்பில் இருக்கிறது. வாக்குக் கேட்பவர் தம் பட்டியலைப் புகழ வேண்டும். எதிராளியின் பட்டியலைக் கேலி செய்ய வேண்டும். கேலி இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று போகும். அப்போது வாயிலிருந்து வருகின்ற சொற்களைக் கேளுங்கள்: "உன் உமர் சரியில்லை." "உன் பிலாலுக்கு ஒரு வாக்கும் விழாது." "என் ஹம்ஸாவுக்கு முன்னால் உன் ஹம்ஸா நிற்க முடியுமா?" நாங்கள் நடிகரைத்தான் சொன்னோம் என்பார்கள். எண்ணம் நடிகரைப் பற்றியதாகவே இருக்கட்டும். நாவில் ஏறிய பெயர் யாருடையது? 'ரலியல்லாஹு அன்ஹு' என்று சேர்த்துச் சொல்லப் பழகிய நாவு, 'உன் உமர்', 'என் உமர்' என்று பேசப் பழகுகிறது.

நபித்தோழர்களைப் பற்றி நாவைக் காக்கச் சொன்ன நபிமொழி நமக்குத் தெரியும். உஹது மலையளவு பொன்னை நாம் செலவிட்டாலும் அவர்கள் ஒரு கையளவு கொடுத்ததற்கோ அதில் பாதிக்கோ ஈடாகாது என்ற பொருளில் அமைந்தது அது. அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கும் காலித் (ரலி) அவர்களுக்கும் இடையே ஏதோ மனத்தாங்கல். காலித் கடுமையாகப் பேசிவிட்டார். அப்போதுதான் நபி (ஸல்) அவர்கள் அந்த எச்சரிக்கையைச் சொன்னார்கள். முந்தி ஈமான் கொண்ட ஒரு தோழரைப் பற்றிப் பேசும்போது, பிந்தி வந்த காலிதின் நாவுக்கே இந்த எல்லை போடப்பட்டது என்றால், கைபேசியில் வாக்குக் கேட்கும் நம் நாவுக்கு எவ்வளவு இடம் உண்டு?

மூன்றாவது, கதை என்று எடுத்தால் பெண் பாத்திரங்களும் உண்டு. இதை எழுதவே நமக்குக் கை கூசுகிறது. அல்அஹ்ஸாப் 6-ஆம் வசனத்தில் நபியவர்களின் மனைவியரை முஃமின்களின் அன்னையர் என்று அல்லாஹ் அறிவித்துவிட்டான். அந்த அன்னையருக்கு நடிகை தேடுவதைப் பற்றித் தம்பிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். உங்களைப் பெற்ற உம்மாவின் வாழ்க்கையை நாளைக்கு உங்கள் குழு கதையாக எடுத்துக்கொள்ளட்டும். பத்து ஆண்கள் அமர்ந்து உங்கள் உம்மாவுக்கு எந்த நடிகை பொருத்தம், எவருடைய தோற்றம் எடுப்பு என்று பேசி வாக்குப் போடட்டும். நீங்கள் அந்தக் குழுவில் இருப்பீர்களா? இருக்கமாட்டீர்கள். அன்னை கதீஜா (ரலி), அன்னை ஆயிஷா (ரலி) ஆகியோருக்கு அந்த ரோஷம் ஏன் இல்லாமல் போயிற்று?

நான்காவது, நடிகரைத் தேடும் கண் எதைத் தேடுகிறது என்று கவனியுங்கள். உயரம், உடற்கட்டு, கர்ஜிக்கும் குரல், நிறம். காலிதுக்குத் தசை தேடுகிறார்கள். ஆனால் அந்தக் காலித் (ரலி) அவர்களைத் தளபதிப் பொறுப்பிலிருந்து உமர் (ரலி) அவர்கள் ஏன் நீக்கினார்கள்? கோபத்தாலோ மோசடி கண்டதாலோ அன்று. மக்கள் காலிதிடம் மயங்கி, வெற்றி அவரால் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது, அது அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பதை உணர வேண்டும் என்பதற்காகவே என்று உமர் அவர்களே விளக்கம் எழுதி அனுப்பியதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. காலிதும் அதை ஏற்றுக்கொண்டார். கதாநாயக மயக்கத்தை வெட்டி எறிவதற்காக உமர் செய்த ஒரு பெருஞ்செயலை, பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து நாம் கதாநாயகப் பட்டியலில் அவரையே முதற்சுற்றில் எடுத்து முறியடிக்கிறோம்.

பிலால் (ரலி) அவர்களுக்கோ நிறத்தைத் தேடுகிறார்கள். சுடுமணலில் நெஞ்சின்மீது பாறையுடன் 'அஹத்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஈமானுக்கு நடிகர் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார், ஆகவே தோலின் நிறம் போதும் என்று முடிக்கிறார்கள். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்ட அபூதர் (ரலி) அவர்களிடம், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. மனிதரை அவருடைய பிறப்பைக் கொண்டு அடையாளப்படுத்துவதை அவ்வளவு கடுமையாக நபியவர்கள் கண்டார்கள்.

மறுப்புகள் நமக்குத் தெரியாதவை அல்ல. 'தி மெசேஜ்' படம் வரவில்லையா, 'உமர்' தொடர் வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தன. 1976-இல் வெளியான முஸ்தஃபா அக்காதின் படத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலப் பதிப்பில் ஆண்டனி குவின்னும் அரபுப் பதிப்பில் அப்துல்லாஹ் கைஸும் நடித்தார்கள். ஆனால் நபி (ஸல்) அவர்களின் உருவமும் குரலும் அதில் இல்லை. முதல் நான்கு கலீஃபாக்களையும் அது காட்டவில்லை. திரைப்படம் எடுக்க வந்தவரே அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு நின்றார். 2012 ரமளானில் ஒளிபரப்பான 'உமர்' தொடர் அந்தக் கோட்டைத் தாண்டியது. யூசுஃப் அல்கர்ளாவி உள்ளிட்ட அறிஞர் குழு அதன் எழுத்தைப் பார்வையிட்டது. அப்படியிருந்தும் அல்அஸ்ஹர் அதை எதிர்த்தது. நபித்தோழர்களை நடித்துக் காட்டக் கூடாது என்பதே மக்காவின் ராபித்தா ஃபிக்ஹு சபையின் முடிவும்.

அந்தக் கருத்து வேறுபாட்டில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் இந்த ஆட்டத்திற்கு அங்கிருந்து ஆதாரம் கிடைக்காது. கூடும் என்றவர்கள் எழுத்தை வாசித்து, அறிவிப்புகளைச் சரிபார்த்து, நிபந்தனை வைத்துக் கூடும் என்றார்கள். உங்கள் குழுவில் ஒருவருடைய முறை வந்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதற்குள் எந்த நபித்தோழரின் வரலாற்றை எவர் வாசித்துவிட்டார்?

இதன் வழியாகச் சீறாவைத் தெரிந்துகொள்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. தெரிந்துகொள்வது நடிகரின் முகத்தைத்தான். பெயர் தெரிவதும் வரலாறு தெரிவதும் ஒன்றல்ல. ஆட்டம் முடிந்தபின், யர்மூக் எந்த ஆண்டு நடந்தது, யாருடைய ஆட்சியில் நடந்தது என்று பட்டியல் போட்டவரிடமே கேட்டுப் பாருங்கள்.

உருவமின்றி அன்பு வளராது என்று எண்ணினால் நம் மரபைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் தோற்றத்தை நபித்தோழர்கள் சொற்களால் சொல்லிவைத்தார்கள். இமாம் திர்மிதி அதற்கென்றே 'ஷமாயில்' தொகுத்தார். நம் தமிழில் உமறுப் புலவர் 5,027 பாடல்களில் சீறாப்புராணம் பாடினார். ஒரு படமும் இல்லாமல் அந்தச் சொற்களைக் கேட்டே நம் பாட்டன்மார்களும் பாட்டிமார்களும் கண்ணீர் விட்டார்கள். நம் முன்னோர் நெஞ்சில் அமர்ந்த நபித்தோழருக்கு எந்த நடிகரின் முகமும் தேவைப்படவில்லை.

ஆகவே இளைஞர்களே, ஆடத்தான் வேண்டுமென்றால் பணமின்றி, தொழுகையை விடாமல், நாணத்தைக் காத்துக் கற்பனைக் கதைகளோடு நில்லுங்கள். நபிமார்களையும் நபித்தோழர்களையும் அன்னையரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குழுவில் யாராவது அப்படிக் கதை முன்மொழிந்தால், "இது வேண்டாம்" என்று முதலில் எழுதுபவர் நீங்களாக இருங்கள். ஒருவர் சொன்னால் போதும், தயங்கி நிற்கும் நான்கு பேர் உடன் வருவார்கள். அதே வரிசை, அதே சுற்று முறையை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு நபித்தோழரின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை ஆதாரத்துடன் சொல்வதென்று வைத்தால் அதுவும் இரவை இனிமையாக்கும். அதில் கேலிக்கும் தோல்விக்கும் இடமில்லை.

பெற்றோரே, கைபேசியைப் பிடுங்குவதால் இது தீராது. பிள்ளை என்ன ஆடுகிறான் என்று அருகே அமர்ந்து கேளுங்கள். பிறகு காலித் (ரலி) அவர்கள் படுக்கையில் மரணம் வந்ததற்காக வருந்திய வரலாற்றை ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். உடலில் காயமில்லாத இடமே இல்லை என்றிருந்த ஒருவர், போர்க்களத்தில் ஷஹீதாகவில்லையே என்று அழுத வரலாறு அது. அதைக் கேட்டு நெஞ்சு கனத்த பிள்ளை, அந்த இடத்தில் ஒரு நடிகரை வைத்துப் பார்க்கத் தானே கூசுவான்.

நபியவர்களின் தோழர்கள்மீது மரியாதையோடு கூடிய அன்பை நம் பிள்ளைகளின் உள்ளங்களிலும் நாவுகளிலும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.