வயல் அவர்களுக்கு! குழி இவர்களுக்கு!

பயிர் செழிக்க உரம் வேண்டும், மறுப்பார் யார்? வேர் ஊன்ற, மணி திரள பாஸ்பேட் வேண்டும். அதன் வேலையைச் செய்ய வேறொரு பொருள் இல்லை. ஆலையிலே அமிலம் ஊற்றி உரமாக்கலாம். ஆனால் மூலக்கல்லை மண்ணிலிருந்துதான் வெட்டியாக வேண்டும். எவன் வீட்டு மண்? நாம் கேட்பது அதைத்தான்!

பசிபிக் பெருங்கடலிலே நவூரு என்றொரு தீவு. பரப்பு 21 சதுரக் கிலோமீட்டர். 1900-இல் அங்கே பாஸ்பேட் இருப்பதை வெள்ளையர் கண்டனர். 1907-இல் கல் கப்பலேறிற்று. மண்ணுக்கு உரியவனுக்குத் தந்த கூலி என்ன தெரியுமா? டன்னுக்கு அரைப் பென்னி! வெட்டிச் சுமந்தவர்கள் சீனத்துக் கூலிகள். கொழித்ததோ ஆஸ்திரேலியாவின் கோதுமை வயலும் நியூசிலாந்தின் புல்வெளியும்!

தீவு ஜெர்மனியின் கையிலிருந்து 1914-இல் ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறிற்று. 1919-இல் மூன்று அரசுகள் கூடி உட்கார்ந்து கல்லைப் பங்கு போட்டன. பிரிட்டனுக்கு நூற்றுக்கு 42; ஆஸ்திரேலியாவுக்கு 42; நியூசிலாந்துக்கு 16. கூட்டிப் பாருங்கள், தோழர்களே! சரியாக நூறு! தீவுக்காரனுக்கு? அந்த அரைப் பென்னியும் ஆறாத குழியும்! இவர்களிடம்தான் அந்த மக்களின் நலங்காக்கும் பொறுப்பைச் சர்வதேச சங்கம் ஒப்படைத்தது! ஆட்டுக்குக் காவல் ஓநாய்!

1964-இல் ஆஸ்திரேலியா சொல்லிற்று: "உங்கள் தீவு பாழாகிறது, எங்கள் கர்ட்டிஸ் தீவுக்கு வந்து குடியேறுங்கள்." வீடு உண்டு, வேலை உண்டு, தனி நாடாக வாழும் உரிமை மட்டும் இல்லை. சில ஆயிரம் பேரே கொண்ட அந்த மக்கள் "வேண்டாம்" என்றனர்! ஹாமர் டிரோபர்ட் தலைமையில் 1968 சனவரி 31-இல் விடுதலை பெற்றனர். 1989-இல் உலக நீதிமன்றத்தின் படியேறி, தோண்டிய நிலத்துக்குக் கணக்குக் கேட்டனர். 1993-இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர இசைந்தது.

பின்னர் சொந்த ஆட்சியாளர்களே செல்வத்தைச் சிதறடித்ததும் உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. வீட்டுக்காரன் பூட்ட மறந்தான் என்பதற்காக, முன்னே நடந்த திருட்டு நியாயமாகிவிடுமா? இன்றும் தீவின் பெரும்பகுதியிலே நிற்பவை பல் பல்லாய்ச் சுண்ணாம்புப் பாறைகளே, பயிரில்லை, பசுமையில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். மேற்குச் சகாராவின் பூ கிரா சுரங்கம் இன்று மொராக்கோவின் கையிலே. அந்த மண் யாருடையது என்ற வழக்கு முடியவில்லை. கல் மட்டும் கப்பலேறுகிறது!

உரம் வேண்டாம் என்போர் அல்லோம் நாம். உரத்தின் விலையிலே குழியை மூடும் செலவு சேரட்டும்; ஒப்பந்தத்திலே மண்ணுக்குரியவனின் கையெழுத்து சேரட்டும் என்கிறோம். உலகுக்குச் சோறு வேண்டும். அந்தச் சோறு வேக, ஒரு நாட்டையே அடுப்பில் வைப்பதா?