தோற்றவர் யார்? வென்றவர் யார்?

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பாராளுமன்றத் தேர்தல் முடிவுகளைக் கண்டவர்களுட் பலர், இந்நாட்டில் இனவாதம் செத்தொழிந்தது என்று சொல்லி மகிழ்ந்தனர். இனவெறிக் கோஷத்தையே முதலாக வைத்து அரசியல் நடத்தியோர் அத்தேர்தலிற் பெரும்பாலும் மண் கவ்வினர் என்பது உண்மையே. அது நல்ல செய்தி. நாமும் அதனை வரவேற்கின்றோம். ஆயினும், அதைக் கொண்டு நோய் தீர்ந்தது என்று முடிவு கட்டுவோர் இந்நாட்டின் தேர்தற் சரித்திரத்தை ஊன்றிப் படித்தவர்களாகார். தீவிர இனவாதி தன் சொந்தப் பெயரில் நின்று பெருவெற்றி ஈட்டியது இங்கே அபூர்வம். தான் தோற்றுத் தன் கொள்கையை வெல்லச் செய்ததே அவனுடைய வரலாறு.

கணக்கைப் பார்ப்போம். 1970இல் ஆர்.ஜீ. சேனநாயக்கா சிங்கள மகாஜனக் கட்சி என ஒரு கட்சியைத் தேர்தற் களத்தில் இறக்கினார். அதற்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை; அவரும் தோற்றார். 2000இல் தோன்றிய சிஹல உறுமய நாடு முழுவதிலும் ஏறத்தாழ 1.5 வீத வாக்குகளையே பெற்றுத் தேசியப் பட்டியல் மூலம் ஒரே ஓர் ஆசனத்தைப் பிடித்தது. 2001இல் அதனையும் இழந்தது. பிக்குமாரையே அபேட்சகர்களாக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய 2004இல் 9 ஆசனங்களைப் பெற்றமையே இவ்வகையினர் எட்டிய உச்சம். அக்கட்சியும் அதன்பின் வந்த பொதுத் தேர்தல்களிற் பெருங் கூட்டணிகளின் நிழலிலேயே நின்றது. பொதுபல சேனாவினர் 2015இல் தனிக் கட்சியாக நின்று 0.2 வீத வாக்குகளைத்தானும் எட்டவில்லை. சிங்கள விவசாயியும் தொழிலாளியும் இத்தகையோரைத் திரும்பத் திரும்ப நிராகரித்திருக்கின்றனர். இதனைத் தமிழ் மக்களாகிய நாம் மறந்துவிடுதல் நியாயமன்று.

அங்ஙனமாயின் இவர்களுடைய கொள்கை சட்டமானது எப்படி? வாக்குச் சாவடியிற் கிடைக்காத அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பெரிய கட்சிகளிடமிருந்து வந்தது என்பதே விடை. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

1954இல் யாழ்ப்பாணம் வந்த பிரதம மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலை, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து அளிப்பதாக வாக்களித்தார். தென்னிலங்கையில் எதிர்ப்புக் கிளம்பிற்று. திரு. பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி முன்னர் இரு மொழிகளையும் ஏற்றிருந்தும், 1955இல் சிங்களம் மட்டும் என மாறியது. 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சியும் அதே கோஷத்தைத் தன்னதாக்கிக்கொண்டது. கொடுத்த வாக்கை விற்றுக் கண்ட இலாபம் என்ன? அக்கட்சிக்கு 8 ஆசனங்கள்! ஆனால் இரு பெருங் கட்சிகளும் ஒரே ஏலத்தில் நின்றமையால், எவர் வென்றாலும் தமிழ் தோற்பது உறுதியாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே தனிச் சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது.

ஏலத்தில் வென்றவரேனும் நிம்மதியாக இருந்தாரா? 1957 ஜூலையில் தந்தை செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரலில் தம் வாசலில் வந்தமர்ந்த பிக்குமாரின் முன்னிலையிற் பண்டாரநாயக்கா கைவிட்டார். 1959 செப்டெம்பரில் அவர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் ஒரு பிக்கு. சதியிற் குற்றவாளியாகக் காணப்பட்ட களனி புத்தரக்கித்த தேரரோ, 1956இல் எக்சத் பிக்கு பெரமுனவின் முன்னணியில் நின்று அவருடைய வெற்றிக்கு உழைத்தவர். இனவெறியைக் கடனாகப் பெறுவோர் அதன் வட்டியைத் தாமே தீர்மானிக்க முடியாது.

அரை நூற்றாண்டு கடந்தும் வழக்கம் மாறவில்லை. 2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் திரு. மகிந்த ராஜபக்ஷ, ஜாதிக ஹெல உறுமயவுடனும் மக்கள் விடுதலை முன்னணியுடனும் உடன்படிக்கை எழுதி, ஒற்றையாட்சியைக் காப்பதாக உறுதியளித்தே களம் புகுந்தார். 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்னும் ஜனாதிபதி செயலணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் பொதுபல சேனாவின் ஞானசார தேரர். நீதிமன்றத்தை அவமதித்தமைக்காக 2018இல் தண்டிக்கப்பட்டு, 2019இல் ஜனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானவர் அவர். முதலில் வெளியான அச்செயலணிப் பட்டியலில் ஒரு தமிழர்தானும் இருக்கவில்லை. மக்கள் கொடுக்க மறுத்த ஆசனத்தை நாட்டின் தலைவர் கொடுத்தார்!

இதற்குப் பரிகாரமாகச் சிலர் வெட்டுப்புள்ளியை உயர்த்திச் சிறு கட்சிகளைத் தடுக்க வேண்டும் என்கின்றனர். இது நோயைவிடக் கொடிய மருந்து. 1978ஆம் ஆண்டு யாப்பில் 12.5 வீதமாயிருந்த வெட்டுப்புள்ளி 1988இல் 5 வீதமாகக் குறைக்கப்பட்டமையாலேயே, சிதறி வாழும் முஸ்லிம், மலையகத் தமிழ் மக்களின் சிறு கட்சிகள் தலைநிமிர்ந்தன. கோரையின் தலையை அரிந்தவன் வயலைச் சுத்தஞ் செய்தவனாகான். கிழங்கு மண்ணுக்குள்ளே கிடக்கின்றது. அக்கிழங்கு பெரிய கட்சிகளின் வாக்காசையேயன்றி வேறன்று.

அக்கட்சிகள் நினைத்தால் மறுக்க முடியும். 1991இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். கறுப்பின மக்களுக்கு எதிரான கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் தலைவராயிருந்த டேவிட் டியூக், அங்கியைக் களைந்து கோட்டணிந்து, குடியரசுக் கட்சிக்காரனாக ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். வரிச்சுமை, அரசாங்க உதவிப்பணம் என்று நயமாகப் பேசினார். அதே கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் அவரை வெளிப்படையாக நிராகரித்தார். எதிரே நின்ற எட்வின் எட்வேர்ட்ஸ் ஊழற் பெயர் எடுத்தவர். எனினும் அவரே ஏறத்தாழ 61 வீத வாக்குகளுடன் வென்றார். வெள்ளையரிற் பெரும்பான்மையோர் டியூக்கையே ஆதரித்தனர் எனக் கணிப்புகள் கூறின. கறுப்பின மக்கள் பெருந்திரளாகச் சென்று வாக்களித்தமையே முடிவை நிர்ணயித்தது.

இதனோடு எமது 2005ஐ ஒப்பிடுவோம். விடுதலைப் புலிகள் முன்னின்று நடத்திய பகிஷ்கரிப்பினால், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 100 வாக்காளரில் இருவர்கூட வாக்களிக்கவில்லை. வெற்றி தோல்வியைப் பிரித்ததோ ஏறத்தாழ 180,000 வாக்குகள். எதிர்த்து நின்றவர் எமக்கு விமோசனம் தந்திருப்பார் என்று நாம் கூறவில்லை. ஆனால் சிறுபான்மையினர் வீட்டிலிருக்கும் நாள், தீவிரவாதியின் துணை நாடுவோருக்குத் திருநாள் என்பதை அந்தக் கணக்கு காட்டுகின்றது.

எம் வீட்டு முற்றத்தையும் கூட்ட வேண்டும். ‘துரோகி’ என்னும் சொல்லை எமது மேடைகள் ஒரு காலத்தில் மலிவாக வழங்கின. 1975இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா கொலையுண்டபோது கண்டிக்க வேண்டிய பலர் வாய்மூடியிருந்தனர். அதே சொல்லும் அதே துப்பாக்கியும் 1989இல் திரு. அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு வந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தனிச் சிங்களத்தை அநீதி என்ற வாய், இதனையும் அநீதி என்று சொல்லாவிடின், எம் நியாயத்துக்கு எங்கே மதிப்பிருக்கும்?

ஆதலால், அடுத்த தேர்தலில் எவர் வாசலுக்கு வந்தாலும், வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் தோட்டக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இனவெறியனின் ஆதரவு கிடைத்தால் உமது கட்சி வெற்றிபெறும் என்ற நிலை வரின், அதனை வேண்டாம் என்று சொல்வீரா? கொழும்புக் கட்சியின் அபேட்சகரையும் கேளுங்கள்; தமிழ்க் கட்சியின் அபேட்சகரையும் கேளுங்கள். நேராக விடை தராதவருக்கு வாக்கு இல்லை எனத் துணிந்து கூறுங்கள்.

தீவிரவாதி தோற்ற செய்தி கேட்டு உறங்கிவிடலாகாது. அவன் கோஷத்தை மறுநாள் எவர் வாய் உச்சரிக்கின்றது என்று விழித்திருந்து பார்ப்பதே வாக்குரிமை பெற்ற மக்களின் கடமை.