எட்டு ஜிபியில் ஆறுதான் மிச்சம்

பழுகாமத்தில் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, பல்கலைக்கழகம் போவதற்காக மடிக்கணினி வாங்கியிருக்கிறாள். கட்டாரில் உழைக்கும் தகப்பன் அனுப்பிய பணம். பெட்டியில் 8 ஜிபி ராம் என்றிருக்கிறது. விண்டோஸோ, பயன்படுத்தக்கூடியது 5.9 ஜிபிதான் என்கிறது. "ஏமாத்திப் போட்டாங்களா மாமா?" என்று கேட்டாள்.

ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் அதிக தூரமில்லை என்பது என் அபிப்பிராயம்.

தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில், திரையில் படம் வரையும் வேலையும் பொது ராமிலேயே நடக்கிறது. கணினி இயங்கத் தொடங்கும்போதே பயோஸ் அதில் ஒரு பங்கைக் கிராபிக்ஸுக்கென ஒதுக்கிவிடுகிறது. ஏஎம்டி சிப் உள்ள மடிக்கணினிகள் சிலவற்றில் இது 512 எம்பி, சிலவற்றில் 2 ஜிபி. இந்தப் பங்கீடு புதியதல்ல. 2005இல் வந்த இன்டெல் ஜிஎம்ஏ 950, பொது ராமிலிருந்து 224 எம்பி வரை எடுத்துக்கொண்டது.

படுவான்கரை விவசாயிக்கு இதை விளக்குவது சுலபம். நவகிரிக் குளத்து நீரை வட்டவிதானை தேவை பார்த்துத் திறந்துவிடாமல், விதைக்காத வயலுக்கென்று ஒரு பங்கை மறித்து வைத்தால் எப்படியிருக்கும்? பயோஸில் கட்டிவைத்த 2 ஜிபியும் அப்படித்தான். கிராபிக்ஸ் வேலை செய்யாத நேரத்திலும் மற்ற மென்பொருள்கள் அதைத் தொடமுடியாது. ஆனால், ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டால் கிராபிக்ஸ் தவித்துப்போகும் என்றில்லை. தேவைப்படும்போது விண்டோஸே பொது ராமில் ஏறக்குறைய பாதி வரை கொடுத்து, பின்னர் மீட்டுக்கொள்கிறது.

ஆகவே 'கிராபிக்ஸ் மெமரியைக் கூட்டுங்கள், வேகம் பிறக்கும்' என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. கட்டுரை எழுதவும் ஸூமில் விரிவுரை கேட்கவும் 512 எம்பி, அல்லது 'ஆட்டோ', தாராளம். குறிப்பிட்ட அளவு இல்லாவிட்டால் தொடங்கவே மறுக்கும் சில விளையாட்டுகளுக்கு மட்டும் கூட்டலாம். உண்மையான வேகம் வேண்டுமானால், ஒரே ராம் உள்ள கணினியில் அதற்கு இணையான இன்னொன்றைப் பொருத்துங்கள். இரட்டைப் பாதை கிடைக்கும்.

அதுவும் இப்போது இலேசான செலவல்ல. செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியில் உலகெங்கும் ராம் விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் 'குரூஷியல்' சில்லறை விற்பனையிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இந்த நிலையில் இரண்டு ஜிபி என்பது காசு. 'பயன்படுத்தக்கூடியது இவ்வளவு' என்று விலைச்சீட்டில் ஒரு வரி சேர்ப்பதற்கு விற்பவருக்கு என்ன குறைந்துவிடும்?

எல்லா மடிக்கணினிகளின் பயோஸிலும் ஒதுக்கீட்டை மாற்ற வழி இருப்பதில்லை. பணம் கொடுக்குமுன் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ராம் பலகையோடு ஒட்டப்பட்டதா, மாற்றக்கூடியதா என்பதையும் கேளுங்கள்.