பூலைப் பெரிதாக்குவது வைத்தியம் அல்ல

இணைப்பு கிடைக்கவில்லை, 30,000 மில்லிசெகண்ட் காத்திருந்தாயிற்று என்று தரவுத்தள இணைப்புகளைக் கையாளும் ஹிக்காரி பூல் பிழை எழுதினால், ஜாவா அணிகளில் முதலில் வரும் யோசனை பூலின் அளவைக் கூட்டுவதுதான். 10 போதவில்லையா, 50 வை. அதுவும் போதவில்லையா, 200 வை. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்காது.

பூல் சிறியது என்றுதானே பிழைச்செய்தி சொல்கிறது என்கிறார்கள். அது சொல்வது, கேட்டவருக்கு அந்த நேரத்துக்குள் இணைப்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதை மட்டுமே. ஒவ்வொரு வேலையும் இணைப்பை 5 மில்லிசெகண்ட் பிடித்திருந்தால், 10 இணைப்புகளே நொடிக்கு 2,000 வேலைகளை முடிக்கும். அந்த வேலையின் டிரான்சாக்‌ஷனுக்குள் வெளியிலுள்ள பேமென்ட் சேவையை அழைத்து, 2 நொடி பதிலுக்குக் காத்திருக்கும்படி எழுதினால் நொடிக்கு 5 வேலைதான் நடக்கும். பூலை 50 ஆக்கினால் 25. அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்தால் பழைய 10 இணைப்புகளே தாராளம்.

டாம்கேட்டில் 200 திரெட் உண்டு, ஆகவே 200 இணைப்பு வேண்டும் என்பது அடுத்த வாதம். 8 கோர் உள்ள தரவுத்தள சர்வர் ஒரே சமயத்தில் 200 குவெரிகளை ஓட்டாது. கோருக்கும் பூட்டுக்கும் டிஸ்க்குக்கும் அவை முட்டிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் தொடக்க அளவாகச் சொல்லப்படுவது கோர் எண்ணிக்கையின் இருமடங்கோடு டிஸ்க் எண்ணிக்கை: 8 கோர், ஒரு டிஸ்க் என்றால் 17. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் திறக்கும். இயல்பு உச்சவரம்பு 100. ஆளுக்கு 50 என நான்கு ஆப் சர்வர்கள் கேட்டால், தரவுத்தளமே கதவைச் சாத்திவிடும்.

கூட்டிய பிறகு சரியாகிவிட்டதே என்ற வாதம்தான் விடாப்பிடியானது, ஆபத்தானதும் கூட. இணைப்பை மூடும் வரி டிரை பிளாக்கின் கடைசியில் இருந்து, நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால் அந்த இணைப்பு திரும்பாது. 10 இணைப்புள்ள பூல் காலையில் வறளும். 100 உள்ளது மாலையில் வறளும். இடையில் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நோய் அப்படியே இருக்கிறது, ராத்திரி டியூட்டியில் இருப்பவர் தலையில் விழுகிறது.

உண்மை அறிய திரெட் டம்ப் எடுங்கள், சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று. இணைப்பு கேட்டு நிற்கும் திரெட்டுகளையே எல்லோரும் பார்க்கிறார்கள்; அவை பாதிக்கப்பட்டவை. வரிசையில் நிற்காதவற்றைப் பாருங்கள். இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு எச்டிடிபி பதிலுக்கோ மெதுவான குவெரிக்கோ காத்திருப்பவை அங்கேதான் தெரியும். 10 இணைப்பும் பயன்பாட்டில் என்கிறது பூல், ஆனால் எந்தத் திரெட்டும் தரவுத்தள வேலையில் இல்லை என்றால், பெரும்பாலும் அது கசிவு. ஹிக்காரியின் கசிவு எச்சரிக்கை இயல்பில் அணைந்திருக்கும். 20 நொடி என்று வைத்தால், அதற்கு மேல் திரும்பாத இணைப்பை எந்த வரி வாங்கியது என்று பதிவில் காட்டும். டாம்கேட் இயல்பாகப் பயன்படுத்தும் பூலில், அமைப்பை மாற்றாவிட்டால் காத்திருப்பு நேரத்துக்கு வரம்பே இல்லை. அங்கே பிழை வராமலே தளம் உறைந்து நிற்கும். முதலில் அந்த வரம்பை வையுங்கள்.

பூலைக் கூட்டவே கூடாதா? கூட்டலாம். குவெரிகள் குறுகியவை, தரவுத்தளத்தில் இடமிருக்கிறது, ஆனாலும் வரிசை நீள்கிறது என்று அளந்து பார்த்திருந்தால் கூட்டலாம். ஒரே திரெட் முதல் இணைப்பை விடாமல் இரண்டாவதையும் கேட்கும் நிரலில் 10 திரெட்டுக்கு 10 இணைப்பு என்றால், எல்லாம் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடக்கூடும். குறைந்தது 11 வேண்டும். 200 திரெட்டும் அப்படிக் கேட்கக்கூடுமென்றால் 201. அந்த எண்ணைக் கட்டமைப்பில் எழுதும் முன், இரண்டாவது இணைப்பைக் கேட்கும் அந்த உள் டிரான்சாக்‌ஷன் தேவைதானா என்று பாருங்கள்.