சிங்கன் வெறும் காமெடி பீசு இல்லீங்க!

குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சா போதும், நம்ம பதிவர்கள் கையில குற்றாலக் குறவஞ்சி வந்துடும். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுற பாட்டு, கூட ரெண்டு அருவிப் படம். கொஞ்சம் மெனக்கெட்டா வசந்தவல்லி பந்தடிக்கிற அழகு. அத்தோட கடை மூடியாச்சு. சிங்கனா? "அது கடைசியில வர்ற காமெடி ட்ராக்"னு ஒத்தை வரி. தென்காசிப் பக்கத்துக்காரனான எனக்கு அதைப் படிச்சா பத்திக்கிட்டு வருது.

எழுதினது யாரு? தென்காசியை ஒட்டின மேலகரத்துல பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆள். மதுரை முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் பாட்டைக் கேட்டுட்டு நிலமே கொடுத்தார். 'குறவஞ்சி மேடு'ன்னு அதுக்குப் பேரு. நிலம் வாங்குற அளவுக்கு எழுதத் தெரிஞ்ச மனுஷன், கடைசிப் பகுதியைச் சும்மா பக்கத்தை நிரப்பவா எழுதியிருப்பாரு?

சிங்கனோட தொழில் வாழ்க்கையைப் பாருங்க. பறவை பிடிக்கிறவன். ஆனா நாம பார்க்கிற வரைக்கும் உருப்படியா ஒண்ணும் பிடிச்ச பாடில்ல. சுத்துவட்டாரத்து வயல் பேரையெல்லாம் அடுக்கி, எந்தப் பறவை எங்க மேயுதுன்னு கூட்டாளி நூவன்கிட்ட அளப்பான். கண்ணி வைப்பான். பறவை வந்து இறங்குற நேரத்துல அய்யாவுக்குச் சிங்கி ஞாபகம் வந்துடும். அவ்வளவுதான், எல்லாம் பறந்துடும். உலகத்துலயே தொழிலுக்கு லாயக்கில்லாத வேடன் :-)

இதுக்குச் சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா ஒரு கேள்வி. வசந்தவல்லி காதல் ஏக்கத்துல நிலாவைத் திட்டினா அது இலக்கியம், சிங்கன் அதே ஏக்கத்துல பறவையைக் கோட்டை விட்டா அது கோமாளித்தனமா? பாட்டு எப்படி முடியுதுன்னு யோசிங்க. வசந்தவல்லிக்குக் கிடைச்சது வெறும் குறி. குற்றாலநாதர் வந்து மாலை போடலை. தேடினவளைக் கண்டுபிடிச்சுச் சேர்ந்தவன் சிங்கன் மட்டும்தான். காதல் கைகூடினது ஒரே ஒருத்தனுக்கு, அவனைத்தான் நீங்க 'துணைப் பாத்திரம்'ங்கறீங்க!

"குறவர்களைக் கேலி பண்ணத்தானே அந்தப் பாத்திரம்?"னு சிலர் கேட்பாங்க. நியாயமான சந்தேகம். மேல உட்கார்ந்து கீழ பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அதுல இல்லவே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த நகைக் காட்சியைப் படிங்க. சிங்கி போட்டிருக்கிற சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பாத் தெரியுது, பாடகம் மண்புழுவாத் தெரியுது. அவளோ அது இந்த நாட்டார் கொடுத்தது, இது இன்னார் மகள் கொடுத்ததுன்னு வரிசையாச் சொல்றா. பெரிய இடத்துச் சன்மானத்தைப் பாம்பு, புழுன்னு பார்க்கிற கண்ணு அது. அங்க கேலிக்கு ஆளாகிறது யாரு? சிங்கனா, அந்த நகைகளா?

குறவஞ்சி மேடைக்காக எழுதினது. 1944ல ருக்மிணிதேவி கலாக்ஷேத்ராவுல இதை நாட்டிய நாடகமாப் போட்டாங்க. ராத்திரி முழுக்கக் கூட்டத்தை உட்கார வைக்க அருவி வர்ணனை மட்டும் பத்தாது மக்கா, சிங்கன் வேணும்.

அடுத்த சீசனுக்கு ஐந்தருவிப் பக்கம் வர்றவங்க குரங்கைப் படம் பிடிச்சது போதும். புத்தகத்தோட கடைசி ஒரு பகுதியையாவது படிச்சுட்டு வாங்க. அப்புறம் சிங்கனைப் பத்திச் சண்டை போடுவோம். நான் ரெடி.

டிஸ்கி: குரங்குப் பாட்டு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. குரங்குகளும் என்னை மன்னிக்கவும்.